மாமன் மகன் செல்

சங்கத்துக்காரர்கள் சொந்தமாகத் தைமஸ் வாங்கிய அன்று தில்லை நகரில் பட்டாசு வெடித்தார்கள். லாரிக்கு வாழைமரம் கட்டி, கண்ணாடிப் பெட்டிக்கு மாலை போட்டு, பூசணிக்காய் சுற்றி நடுரோட்டில் உடைத்து, போகிற வருகிறவர்களுக்கெல்லாம் லட்டு கொடுத்தார்கள். பெட்டிக்குள் இருந்தது நெல்லிக்காய் அளவு சதை. அதற்குத்தான் இத்தனை அமர்க்களம். அந்த வழியாக வந்த என் கையிலும் ஒரு லட்டைத் திணித்தார்கள். நானும் தின்றேன்.

எந்தச் சாதிச் சங்கம் என்று சொல்லப்போவதில்லை. இதைப் படிக்கும்போதே உங்களுக்கு ஒரு பெயர் தோன்றியிருக்கும். அது இல்லை. அதுவாகவே இருந்திருந்தாலும் கதை இப்படித்தான் போயிருக்கும்.

வெண்காய்ச்சல் வராமலிருந்தால் தைமஸ் என்ற சொல்லே ஊருக்குத் தெரிந்திருக்காது. அது நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கும் சின்ன உறுப்பு. நோயை எதிர்க்கும் T செல்கள் பாடம் படிப்பது அங்கேதான். நமக்கு மீசை முளைக்கும் வயதிலேயே அது கரையத் தொடங்கி, மெல்ல வெறும் கொழுப்பாகிவிடும். வெண்காய்ச்சல் அந்த T செல்களைத்தான் குறிவைத்துத் தின்றது. காய்ச்சலில் பிழைத்தவர்கள் அடுத்து வந்த சாதாரணச் சளியில் செத்தார்கள். அதனால் செயற்கைத் தைமஸ் வந்தது. ஆரோக்கியமான ஒருவரின் இளம் செல்களை அதில் வளர்த்து, பாடம் சொல்லிக் கொடுத்து, நோயாளிக்கு ஏற்றினால் பிழைத்துக்கொள்வார். அரசின் பொது வங்கியில் யாருடைய செல் யாருக்கு என்ற பேச்சே கிடையாது. ஆனால் ஒவ்வொரு நோயாளிக்கும் அவரவர் திசுவை வைத்துத் தனித்தனியாகப் பாடம் நடத்த வேண்டும். ஒரு மாதத்துக்கு மேல் பிடிக்கும். வரிசையும் நீளம்.

அந்த நீளத்தில்தான் கேள்வி முளைத்தது. யாருடைய செல்? ரத்தம் ஏற்றும்போது வாய்விட்டுக் கேட்கக் கூசியவர்கள், செல் ஏற்றும்போது கூசவில்லை. ரத்தம் கொஞ்ச நாளில் போய்விடும், செல் ஆயுசுக்கும் உள்ளேயே இருக்குமாம். கண்டவன் செல்லை எப்படி உள்ளே விடுவது என்றார்கள். ஆளாளுக்கு வங்கி தொடங்கினார்கள்.

என் பெயர் ரெஜினா. உய்யக்கொண்டான் கால்வாய் ஓரம் இருக்கும் ஒரு தனியார் மருத்துவமனையில் தைமஸ் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். வங்கிகளில் நடக்கும் கூத்துகள் முற்றிப்போனால் கடைசியில் என்னிடம்தான் கொண்டுவருவார்கள். மகிழினியையும் அப்படித்தான் கொண்டுவந்தார்கள்.

சட்டக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிற பெண். உள்ளங்கையும் பாதமும் சிவந்து, தோல் உரிந்துகொண்டிருந்தது. கண் மஞ்சள். குடல் எதையும் தங்கவிடவில்லை. சங்கத்து வங்கியின் செல்லை ஏற்றிய பிறகு காய்ச்சல் நின்று, எல்லோரும் கோயிலுக்குப் போய்வந்து, அதற்கப்புறம் ஆரம்பித்ததாம் இது. ‘பழகுகிற காய்ச்சல்’ என்று அங்கே சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பெயரை நான் ஏற்கனவே கேட்டிருக்கிறேன். போன வருடம் அப்படிப் பழகிய இரண்டு பேர் சுடுகாட்டில் இருக்கிறார்கள்.

“என்னைத் தின்னுட்டு இருக்கிறது அஸ்வின் மாமாவோட செல்லா டாக்டர்?” என்று கேட்டாள் மகிழினி.

“ஆமா.”

“கட்டிக்கிட்டிருந்தாலும் இதைத்தான் பண்ணிருப்பான்.”

பேச வலித்தும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. பக்கத்தில் அவளுடைய அப்பா பிரதீப் இளநீரை ஸ்பூனில் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஒரு ஸ்பூன் உள்ளே போகும், இரண்டு ஸ்பூன் வெளியே வரும். துடைத்துவிட்டு மறுபடி கொடுப்பார். சத்திரம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் பாத்திரக் கடை வைத்திருக்கிறார். கடையைத் திறந்தே பல நாளாகிவிட்டதாம். அதிகம் பேசாத மனிதர். எனக்கு அவரைப் பார்த்ததுமே பிடித்துவிட்டது.

பேசுவதற்கென்று வெளியே ஒருவர் இருந்தார். ரித்தீஷ். மகிழினியின் தாய்மாமன், சங்கத்தின் மாவட்டத் தலைவர், செல் கொடுத்த அஸ்வினின் அப்பா. அஸ்வினுக்கும் மகிழினிக்கும் முறை இருக்கிறது. அவள் படித்து முடித்ததும் கல்யாணம் என்று ரித்தீஷ் முடிவு செய்து வைத்திருந்தார். அவளைக் கேட்டார்களா என்று எனக்குத் தெரியாது.

“எங்க செல்லு எங்க பொண்ணை எதுக்கு அடிக்கணும்? அதை முதல்ல சொல்லுங்க டாக்டரம்மா” என்றார்.

“எங்க, உங்கன்னெல்லாம் செல்லுக்குத் தெரியாதுங்க. சொல்லிக் கொடுத்தது மட்டும்தான் தெரியும்.”

“அதான் எங்க தைமஸ்லயே சொல்லிக் கொடுத்திருக்கே.”

“என்னன்னு சொல்லிக் கொடுத்தீங்க? தைமஸ்ல ரெண்டு பரீட்சை இருக்கு. முதல் பரீட்சை, உடம்போட அடையாளத்தைப் படிக்கத் தெரியுதா. தெரியலைன்னா அந்த செல்லு பிரயோஜனம் இல்ல, அங்கேயே செத்துரும். ரெண்டாவது, வீட்டு ஆளைப் பார்த்தா கையை ஓங்குதா. ஓங்கினா அதையும் கொன்னுரும். தேறுறது கொஞ்சம்தான். தேறினதுல சிலது கொல்ற வேலைக்குப் போகும், சிலது ஏவி விடுற வேலைக்குப் போகும். இன்னும் ஒரு வகை இருக்கு. வீட்டு ஆளை அடிக்காது, ஆனா பார்த்து லேசா முறைக்கும். அதுல கொஞ்சத்தைக் கொல்லாம விட்டு வேற வேலை கொடுக்கும் உடம்பு. மத்த செல்லு கையை ஓங்குறப்ப, சும்மா இருன்னு பிடிச்சு உக்கார வைக்கிற வேலை. நாங்க அமர்த்துற செல்லுன்னு சொல்லுவோம்.”

“சரி.”

“அந்த ரெண்டாவது பரீட்சைக்கு யாரோட திசுவை வெச்சீங்க? மகிழினியோடதா?”

அவருக்கு இந்தக் கேள்வியே புரியவில்லை. “ஒவ்வொருத்தருக்கும் தனியா எதுக்கு? நாங்கல்லாம் ஒண்ணுக்குள்ள ஒண்ணு. அஸ்வின் திசுவையே எல்லாருக்கும் மாதிரியா வெச்சோம். மூணு தலைமுறையா மாமன் மகள், அத்தை மகன்னுதான் கட்டியிருக்கோம். துளி கலப்பு கிடையாது. அதனாலதான் எங்க வங்கியில அஞ்சே நாள்ல செல்லு ரெடி. பொது வங்கியில மாசக்கணக்கா இழுக்கிறாங்க.”

அதைப் பெருமையாக வேறு சொன்னார். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. நோயாளிக்காக நடத்த வேண்டிய பாடத்தைச் சாதிக்காக நடத்தியிருக்கிறார்கள். படித்த டாக்டர்களும் அதற்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.

“நல்லாக் கேளுங்க. எல்லார் உடம்பிலயும் அடையாளம் ரெண்டு பாதி. அப்பாகிட்ட இருந்து ஒண்ணு, அம்மாகிட்ட இருந்து ஒண்ணு. நீங்களும் உங்க வீட்டம்மாவும் சொந்தம். அதனால அஸ்வினுக்கு ரெண்டு பாதியும் ஒரே மாதிரி வந்திருக்கு. மகிழினிக்கு அதுல ஒரு பாதி இருக்கு, உங்க தங்கச்சி வழியா. அஸ்வின் செல்லு உள்ள வந்தப்ப, அவ உடம்புல மிச்சமிருந்த செல்லுங்க பார்த்துச்சு. நம்மகிட்ட இருக்கிற அடையாளம்தானேன்னு விட்டுருச்சு. வெளியாள் செல்லா இருந்தா கொஞ்சமாவது முட்டி மோதி துரத்தியிருக்கும். உள்ள வந்த செல்லு என்ன பார்த்துச்சு? ஒரு பாதி தெரிஞ்ச முகம். இன்னொரு பாதி யாருன்னே அதுக்குத் தெரியல.”

“யாருன்னே தெரியலையா?” ரித்தீஷின் குரல் மாறியது. “பிரதீப்பு எங்க சொந்த அத்தை மகன். வெளியாள் இல்ல.”

“இருக்கட்டும்ங்க. ஒண்ணுவிட்ட சொந்தம் என்ன, கூடப் பிறந்தவங்களுக்குள்ளகூட பாதி மாறும். இது யாருக்கு வேணும்னாலும் வரும். போன வருஷம் செத்த ரெண்டு பேருக்கும் இதுதான் வந்திருக்கு.”

நான் சொன்னது அத்தனையும் உண்மை. ஆனால் அவர் காதில் விழுந்தது ‘யாருன்னே தெரியல’ என்பது மட்டும்தான் என்று முகத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டேன். சொன்னதைத் திரும்ப வாங்க முடியாது.

மகிழினிக்குச் செய்வதற்கு அதிகம் இல்லை. அஸ்வின் செல்களை மருந்து கொடுத்து மொத்தமாகக் கொன்றுவிடலாம். அப்படிச் செய்தால் அவள் உடம்பில் T செல்லே இருக்காது, எந்தக் கிருமி வந்தாலும் போய்விடுவாள். பொது வங்கியில் அவளுக்கென்று பாடம் நடத்திச் செல் வாங்கலாம். அதுவரை அவளுடைய ஈரல் தாங்காது. மிச்சமிருந்தது ஒரே வழி. அந்த இன்னொரு பாதியைத் தெரிந்த அமர்த்துகிற செல்கள் வேண்டும். அப்பாவிடமிருந்து வந்த பாதி என்றால் அப்பாவின் உடம்பில் அவை இருக்கும். எடுத்து, பெருக்கி, உள்ளே அனுப்பினால் அஸ்வின் செல்களை உட்கார வைக்கும். அதற்காகப் பிரதீப்பின் ரத்தத்தையும், ஒத்துப்பார்க்க அவள் அம்மா கீர்த்தனாவின் ரத்தத்தையும் எடுக்கச் சொன்னேன்.

மறுநாள் காலை முடிவைப் பார்த்தேன். மகிழினியின் ஒரு பாதி அம்மாவிடம் இருந்தது. இன்னொரு பாதி பிரதீப்பிடம் இல்லை.

நான் இந்தத் தொழிலில் இதைப் பார்க்காதவள் இல்லை. பார்ப்போம், வாயை மூடிக்கொள்வோம். வழக்கமாக அதனால் யாருக்கும் நஷ்டமில்லை. இந்தத் தடவை அந்தப் பாதிக்குச் சொந்தக்காரன் வேண்டும். அவன் யாரென்று அவள் அம்மா வாயைத் திறந்தால்தான் பெண் பிழைப்பாள். திறந்தால் அம்மா பிழைப்பாளா என்று தெரியாது. ரித்தீஷின் ஆட்கள் நான்கு பேர் வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

கீர்த்தனாவை என் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினேன். மின்சாரப் பேருந்துப் பணிமனையில் மேற்பார்வையாளராக இருக்கிறவள். நேரே பார்த்துப் பேசுவாள், அளந்து பேசுவாள். சுற்றி வளைக்காமல் சொன்னேன். அவள் அழவில்லை. கைப்பையை மடியில் வைத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“எங்கண்ணனுக்குத் தெரியுமா?”

“நான் சொல்லல. சொல்லவும் மாட்டேன்.”

“சந்தேகம் வந்துருச்சு அவனுக்கு. நேத்து ராத்திரி சாப்பிடாம என் மூஞ்சியையே பார்த்துட்டு இருந்தான்.”

“கீர்த்தனா, எனக்கு அந்த ஆளு யாருன்னு தெரியணும்னு இல்ல. நீங்களே கூப்பிட்டுப் பேசுங்க. எங்கேயாவது வெளியூர்ல ரத்தம் கொடுத்தாப் போதும். பேரு, ஊரு எதுவும் வேண்டாம்.”

“அவன்கிட்ட கேக்க முடியாது டாக்டர்.”

“பழைய கோபம்லாம்…”

“செத்துட்டான்.” அவள் குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. “கொள்ளிடத்துல மணல்ல கிடந்தான். வயலுக்கு மருந்தடிக்கிற ட்ரோன் ஓட்டுறவன். லால்குடிப் பக்கம் வேலைக்கு வருவான். தண்ணியில இறங்கி மூழ்கிட்டான்னு கேஸை முடிச்சுட்டாங்க. அவன் நல்லா நீந்துவான். அப்ப எனக்கே இன்னும் தெரியாது, வயித்துல இவ இருக்கான்னு.”

பாவமாக இருந்தது, பயமாகவும் இருந்தது. அதையெல்லாம்விட அந்த லட்டைத் தின்றேனே என்று அருவருப்பாக இருந்தது.

“அவனுக்கு அண்ணன் தம்பி யாராவது?”

“அவன் ஒரே பிள்ளை. அப்பா அம்மாவும் போய்ச் சேர்ந்துட்டாங்க. அப்ப எம் பொண்ணு அவ்வளவுதானா?”

எழுந்து ஜன்னல் பக்கம் போனேன். எனக்கு வருவது ஒரே ஒரு தொழில். அதில் எதையாவது விட்டுவிட்டேனா என்று முதலிலிருந்து யோசித்தேன். அப்போதுதான் உறைத்தது. மடத்தனமாகச் செத்தவனைத் தேடிக்கொண்டிருந்தேன்.

“உங்க வயித்துல அவ ஒன்பது மாசம் இருந்தாள்ல?”

“இருந்தா. அதுக்கென்ன?”

“அவள்ல பாதி உங்களுக்கு வெளியாள்தானே? அவனோட பாதி. உங்க செல்லுங்க அவளை அடிச்சுத் துரத்தியிருக்கணும். ஏன் துரத்தல?”

நானே பதிலும் சொன்னேன்.

“தைமஸ்ல படிச்சு முடிச்சு வெளிய வந்துட்டாலும் செல்லோட படிப்பு முடியறதில்ல. கர்ப்பத்துல உங்க உடம்புல சுத்திட்டிருந்த சாதாரண ஏவல் செல்லுங்க, அவனோட பாதியைப் பார்த்துச்சு. அடிக்கிறதுக்குப் பதிலா வேலையை மாத்திக்கிச்சு. அமர்த்துற செல்லா ஆயிருச்சு. ‘இது நம்ம பிள்ளை, யாரும் தொடாதீங்க’ன்னு மத்ததைப் பிடிச்சு வெச்சுச்சு. பிரசவத்தோட அதுங்க காலியாகிறதில்ல கீர்த்தனா. எண்ணிக்கை குறையும், ஆனா ஞாபகத்தோட இருக்கும்.”

“இத்தனை வருஷமாவா?”

“இருக்கலாம். தேடணும். மகிழினியோட திசுவையே காட்டித் தேடலாம். அவனோட பாதி அவகிட்ட இருக்கே. யார் பேரும் சொல்ல வேண்டியதில்ல.”

கைப்பையைப் பிடித்திருந்த விரல்கள் தளர்ந்தன. அப்புறம்தான் அழுதாள். அழுது ஓய்ந்ததும், “சரண்ராஜ்” என்றாள். “நீங்க கேக்கல. எனக்கு ஒரு தடவை யார்கிட்டயாவது சொல்லணும்போல இருந்துச்சு.”

அன்றைக்கே ரத்தம் எடுத்தோம். மகிழினிக்கு மருந்து கொடுத்து அஸ்வின் செல்களின் வேகத்தைக் கொஞ்சம் மட்டுப்படுத்தினோம். அதற்குமேல் கொடுத்தால் கிருமிக்குக் கதவு திறந்த மாதிரி. கீர்த்தனாவின் ரத்தத்திலிருந்து பிரித்த செல்களுக்கு மகளின் திசுவைக் காட்டினோம். முதல் தடவை ஒன்றும் அசையவில்லை. இரண்டாவது தடவையும் இல்லை. மருந்தின் அளவைக் குறைத்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, கூட்டிச் சொல்லவும் பயம். பக்கத்து அறையில் மகிழினியின் அம்மாவும் அப்பாவும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். மூன்றாவது தடவை, கோடிக்கணக்கான செல்களுக்கு நடுவே விரல்விட்டு எண்ணுமளவுக்குச் சில செல்கள் அந்தத் திசுவை நெருங்கி ஒட்டிக்கொண்டன. கையை ஓங்கவில்லை. சும்மா ஒட்டிக்கொண்டன. நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன்.

அவற்றைப் பெருக்கி மகிழினிக்கு ஏற்றினோம். முதல் வாரம் நம்பிக்கையே இல்லை. அஸ்வின் செல்கள் வந்தவற்றையும் சேர்த்து அடித்தன. மறுபடி ஏற்றினோம், மறுபடியும் ஏற்றினோம். அப்புறம் ஒருநாள் காலை உள்ளங்கைச் சிவப்பு வெளிறியிருந்தது. அன்று மகிழினி ரசம்சாதம் கேட்டாள். பிரதீப் ஓடிப்போய் வாங்கிவந்தார்.

“எனக்குள்ள இருக்கிற அந்த இன்னொரு பாதி யாரோடது டாக்டர்?” என்று கேட்டாள் மகிழினி. வக்கீலாகப் போகிறவள், சும்மாவா விடுவாள்.

“உங்கப்பாவோடது” என்றேன்.

பொய் சொல்லவில்லை. உண்மையும் சொல்லவில்லை. அவள் வயதுவந்த பெண், அவள் உடம்பைப் பற்றி அவளுக்குத் தெரிந்தாக வேண்டும் என்று மேடையில் பேசுகிறவள்தான் நான். மேடையில் பேசும்போது வாசலில் நான்கு பேர் நிற்பதில்லை.

ரித்தீஷ் வந்தார். கையில் பழத்தட்டு.

“பார்த்தீங்களா? கடைசியில எங்க வீட்டு ரத்தம்தான் காப்பாத்துச்சு. எந்தங்கச்சி செல்லு.”

“அடிச்சதும் உங்க வீட்டு செல்லுதாங்க.”

“அதைப் பத்திதான் பேச வந்தேன்.” நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். “அன்னிக்கு நீங்க சொன்னதை யோசிச்சேன். தெரியாத பாதியைத்தான் செல்லு அடிக்கும். அப்படித்தானே? அப்ப எங்க பொண்ணுங்க ஒவ்வொருத்தி ரத்தத்தையும் எடுத்து அஸ்வின் செல்லோட வெச்சுப் பார்த்துட்டா, யாரு எங்க பொண்ணு, யாரு இல்லைன்னு தெரிஞ்சுரும்ல? ஜாதகப் பொருத்தம் பார்க்கிற மாதிரி. செல் பொருத்தம். செல்லுக்குப் பொய் சொல்லத் தெரியாது.”

இதுவரை அவர்களுடைய தைமஸ் அறியாமையால் ஆளைக் கொன்றது. இனிமேல் அறிந்தே கொல்லும்.

“அப்படித் தெரியாதுங்க. உங்க சொந்த மகளுக்கு வெச்சாக்கூட அடிக்கலாம். இந்த அடையாளத்துக்கும் சாதிக்கும் சம்பந்தமே கிடையாது. யார் மேலயோ பழி விழும். ஒரு உயிர் போகும்.”

“உயிரை விட மானம் பெருசு டாக்டரம்மா. சரி, நம்ம மகிழினிக்கே முதல்ல பார்த்துருவோமே. பிரதீப்பு ரத்தம் இங்கதானே எடுத்தீங்க? அதுல என்ன வந்துச்சு?”

சிரித்துக்கொண்டே கேட்டார். கண் சிரிக்கவில்லை. கீர்த்தனாவும் அவள் மகளும் இருக்கிற அறைக்கும் எங்களுக்கும் நடுவே ஒரு சுவர்தான்.

“பொருந்திச்சு” என்றேன்.

“நிச்சயமா?”

“நான் டாக்டர். என்னைவிட உங்களுக்குத் தெரியுமா?” என்று எரிந்து விழுந்தேன். என் கோபத்தைப் பார்த்துத்தான் நம்பினார் என்று நினைக்கிறேன். எழுந்து கும்பிட்டுவிட்டுப் போனார். செல் பொருத்தத்தை எங்கள் மருத்துவமனை செய்யாது என்று முதுகுக்குப் பின்னால் கத்தினேன். வேறு ஆள் செய்வான் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இப்போது ஒரு இடத்தில் செய்துகொண்டிருக்கிறார்கள். நான் தடுக்க மனுப் போட்டிருக்கிறேன். அந்தச் சோதனை பொருந்தாததையும் பொருந்தாதென்று காட்டும், பொருந்துவதையும் பொருந்தாதென்று காட்டும் என்று எழுதியிருக்கிறேன். மகிழினியின் கதையைச் சொன்னால் என் பேச்சுக்கு வலு கூடும். அதை மட்டும் சொல்ல முடியாது.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் பிரதீப் என்னைத் தேடிக்கொண்டு வராந்தாவுக்கு வந்தார். மாத்திரை விவரம் கேட்க வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

“எங்க மச்சான்கிட்ட நீங்க சொன்னது காதுல விழுந்துச்சு. ரொம்ப நன்றி டாக்டர். என் ரத்தத்துல என்ன வந்திருக்கும்னு எனக்குத் தெரியும்.”

தெரிந்தும் அந்தப் பெண்ணுக்கு ஸ்பூன் ஸ்பூனாக ஊட்டினாரே என்று நெகிழ்ந்துபோனேன். அதைச் சொல்ல வாயெடுத்தேன். அவர் சொல்லவிடவில்லை.

“அஸ்வின் செல்லு இப்ப என்ன ஆச்சு? செத்துருச்சா?”

“இல்லைங்க. உள்ளதான் இருக்கு. இருக்கணும். கிருமி வந்தா அதுதான் அடிக்கும். அவளைக் காப்பாத்துறதே இனிமே அதுதான்.”

“அவளை அடிக்காது?”

“பக்கத்துல அவங்கம்மா செல்லு இருக்கிற வரைக்கும் அடிக்காது.”

“தான் செஞ்சது அதுக்கு ஞாபகம் இருக்குமா?”

“இருக்கும். செல்லு மறக்காது.”

அவர் தலையசைத்தார். கால்வாயில் யாரோ குப்பையைக் கொட்டிவிட்டுப் போவதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

“அன்னிக்குக் கொள்ளிடத்துக்கு வண்டி ஓட்டிட்டுப் போனது நான்தான் டாக்டர்.”

என் பக்கம் திரும்பாமலே மேலே சொன்னார்.

“நான் இறங்கல. வண்டியிலயே உக்காந்திருந்தேன். அதை வெச்சு ரொம்ப நாள் என்னை நானே சமாதானம் பண்ணிட்டிருந்தேன்.”

“கீர்த்தனாவுக்குத் தெரியுமா?” என்றேன்.

“முதல்லயே தெரியும். மச்சான் அவளுக்கு மாப்பிள்ளை தேட ஆரம்பிச்சப்ப அவளே என் பேரைச் சொன்னா. தனியா கூப்பிட்டுக் கேட்டேன், எதுக்கு என்னைன்னு. ‘நீ வண்டி ஓட்டினவன், எங்கண்ணன் நம்புற ஆளு. நீ கட்டிக்கிட்டா எவனும் மாசக்கணக்குப் பார்க்க மாட்டான், எம்புள்ள உயிரோட பொறக்கும்’னா. அதுக்கப்புறம் இன்னிக்கு வரைக்கும் அந்தப் பேச்சை எடுத்ததில்ல. சாப்பாடு போடுவா. காய்ச்சல்னா கஷாயம் வெச்சுத் தருவா. அவ இருக்கிறதாலதான் நான் மனுசனா இருக்கேன்.”

உள்ளேயிருந்து மகிழினி கூப்பிட்டாள். “அப்பா, எங்க போனீங்க? கிளம்பலாம்.”

“இதோ வந்துட்டேன்டா தங்கம்” என்று முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார்.

கதவு திறந்தே இருந்தது. மகிழினி எதற்கோ அவரைத் திட்டிக்கொண்டிருந்தாள், அவர் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். பெஞ்சில் உட்கார்ந்திருந்த கீர்த்தனா, நிமிர்ந்து பார்க்காமலே கொஞ்சம் நகர்ந்து அவருக்கு இடம் விட்டாள்.